ஒன்றும் கலக்காத குற்றம்

“வக்கீலய்யா, உப்புல மண்ணைக் கலந்தேனா, சுண்ணாம்பைக் கலந்தேனா? ஒண்ணுமே கலக்கலைன்னுல்லா கேஸ் போட்டிருக்காவ!”

மளிகைக்கடை அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து சம்மனை எடுத்து மேசைமேல் வைத்தார். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனம் முடிந்து தேரிமணல் தொடங்கும் பக்கத்து ஊர்க்காரர் அவர். ஆண்டு 2007. உணவு ஆய்வாளர் அவர் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளை விலைக்கு வாங்கி, மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறார். பாக்கெட்டில் ‘அயோடின் கலந்த உப்பு’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பகுப்பாய்வாளர் கண்டுபிடித்த அயோடின் கிலோவுக்கு 6 மில்லிகிராம். சட்டம் கேட்டதோ சில்லறைக் கடையில் குறைந்தது 15 மில்லிகிராம்.

அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டு என் குமாஸ்தா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தைப் படித்த எவருக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மல்லித்தூளில் குதிரைச் சாணம் என்று, சேர்க்கக்கூடாததைச் சேர்ப்பவனைப் பிடிக்க எழுதிய சட்டம் அது. சேர்க்க வேண்டியதைச் சேர்க்காதவனையும் அதே வலையில் பிடிக்கலாமா? நான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 15 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன். வளர்ந்த ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். நம் வீடுகளில் ஓர் ஆள் ஒரு நாளில் தின்னும் உப்பு ஏறக்குறைய 10 கிராம். ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் இருந்தால் பத்து கிராமில் 150 வந்துவிடும். கிலோவுக்குச் சொன்னால் 15 மில்லிகிராம். ஆலையை விட்டுக் கிளம்பும்போது கிலோவுக்கு 30 இருக்க வேண்டும் என்று அன்றைய விதி ஏன் சொன்னது? லாரியிலும் கிட்டங்கியிலும் கடையிலும் பாதிவரை போய்விடலாம் என்று விதியை எழுதியவர்களே ஒப்புக்கொண்டதால்தான். ஈரம் உப்புக்குப் பகை. உப்பில் மெக்னீசியம் குளோரைடு அதிகமிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உப்பு கசியும், கசிவோடு அயோடினும் இறங்கும். கழுவிச் சுத்தம் செய்யாத கல்லுப்பில் இது கூடுதலாக நடக்கும்.

(இரத்தக் கொதிப்புக்காக உப்பை ஐந்து கிராமுக்குள் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் அப்படிக் குறைத்தால் 15 என்ற கணக்கை மாற்றி எழுத வேண்டிவரும். ஒரே பொருளைக் ‘குறை’ என்று ஒரு கொள்கையும், ‘இதன் வழியாகத்தான் சத்து’ என்று இன்னொரு கொள்கையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் பார்த்தவரை இதை எந்த நீதிமன்றமும் விவாதித்ததில்லை.)

அந்த விதிக்கே ஒரு தள்ளாட்ட வரலாறு உண்டு. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசு 1997 நவம்பரில் அறிவித்து, 1998 மே மாதம் நடைமுறைப்படுத்தியது. எதைத் தின்பது என்று மக்களே தீர்மானிக்கட்டும் என்ற வாதம் ஓங்கி, 2000 செப்டம்பரில் தடை நீங்கியது. மருத்துவர்கள் விடவில்லை. 2005 நவம்பரில் மறுபடி அறிவிக்கை. 2006 மே 17 முதல் மறுபடி தடை. கால்நடைத் தீவனம், பதப்படுத்துதல், மருந்து, தொழிற்சாலை ஆகியவற்றுக்கு விற்கும் உப்புக்கு மட்டும், அதற்குரிய சீட்டு ஒட்டியிருந்தால், விலக்கு. எங்கள் பக்கம் கருவாடு போடவும் மாட்டுத் தொட்டிக்கும் போகும் உப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரே தட்டுமேட்டில் கிடக்கும் ஒரே அம்பாரத்திலிருந்து ரசாயன ஆலைக்கு ஒரு லாரியும் மளிகைக்கடைக்கு ஒரு லாரியும் கிளம்பும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், தெளிப்பானில் இருக்கும் கொஞ்சம் பொட்டாசியம் அயோடேட் கரைசல்தான்.

வழக்கை எடுத்த வாரத்திலேயே பார் அசோசியேஷனில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூத்த வழக்கறிஞர் ஒருவர், “கடற்கரைக்காரனுக்கு எதுக்குய்யா அயோடின்? தினம் மீன் திங்கான். கடல் தண்ணி காய்ஞ்சுதான் உப்பு. அதுல இல்லாத அயோடினா? இது மலைநாட்டுக்காரன் வியாதி, பெரிய கம்பெனிக்காரன் வியாபாரம். இதையே வாதமா வை” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு நல்ல தலைப்புகூட.

ஆனால் படித்துப் பார்த்ததில் அது நிற்கவில்லை. கடல்நீரிலிருந்து பாத்தியில் விளையும் உப்பில் இயற்கையாகத் தங்கும் அயோடின் மிகமிகக் குறைவு. அன்றாடத் தேவைக்குப் பக்கத்தில்கூட வராது. கடலோர மாவட்டங்களிலும் அயோடின் குறைபாடு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீன் விற்பவள் வீட்டில் தினமும் மீன் குழம்பு என்று நினைப்பது வக்கீல்களின் கற்பனை. நல்ல மீன் சந்தைக்குப் போய்விடும்.

இந்தியாவில் இந்தக் கொள்கைக்கு அடித்தளம் போட்டது காங்ரா பள்ளத்தாக்கு. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில், அன்றைய பஞ்சாபில், 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தலைமையில் ஒரு குழு பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. நடுவில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளிலும் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றதில் குறையவில்லை. அதன்பின் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பிறகு 1992-ல் அதன் பெயரை ‘அயோடின் குறைபாட்டு நோய்கள்’ என்று மாற்றினார்கள். கழுத்தில் தெரியும் வீக்கம் மட்டுமல்ல விஷயம் என்பது அதற்குள் புரிந்திருந்தது. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பிள்ளை பள்ளியில் மந்தமாக இருந்தால் வாத்தியார் அவனைத்தான் திட்டுவார். உப்பைத் திட்டமாட்டார்.

ஆகவே, அயோடின் வேண்டாம் என்று என் வாயால் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. “நல்லதுன்னா போடட்டும்யா. போடுதவன் போட்டானான்னு பாக்காம, விக்கவனைப் புடிச்சா எப்படி?” என்றார். வழக்கின் முழுக் கோட்பாடும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதன்பின் நான் செய்ததெல்லாம் அதற்குப் பிரிவு எண் போட்டதுதான்.

பிரிவு எண்கள் கடுமையானவை. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மாஜிஸ்திரேட்டுக்கு இரக்கம் வந்தாலும் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று சட்டம் கேட்காது. விற்றாயா, அளவு குறைந்ததா, அவ்வளவுதான். கடைக்காரனுக்குத் தப்பிக்க ஒரே ஒரு வாசல், பிரிவு 19(2). உத்தரவாதத்தோடு வாங்கினேன், முறையாக வைத்திருந்தேன், வாங்கிய நிலையிலேயே விற்றேன் என்று மூன்றையும் அவனே நிரூபிக்க வேண்டும். உத்தரவாதம் என்றால் தனிப் பத்திரம் தேவையில்லை, விற்றவன் கொடுத்த பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்று 14-வது பிரிவு சொல்கிறது.

“பில் இருக்கா அண்ணாச்சி?”

அடுத்த வாய்தாவுக்கு ஒரு கம்பியைக் கொண்டுவந்தார். கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குமே, சீட்டுகளைக் குத்தி வைக்கும் வளைந்த கம்பி, அதை அப்படியே. பருப்பு, பாமாயில், பீடிக்கட்டு, வாடகை சைக்கிள் ரசீது எல்லாம் அதில் இருந்தன. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஜூனியர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். உப்பு பில் கிடைத்தது. மொத்த வியாபாரியின் பெயர் அச்சிட்ட சீட்டு, தேதி, உப்பின் வணிகப் பெயர், இரண்டு மூட்டை, தொகை. பேட்ச் எண் இல்லை. ஆனால் தேதி, பாக்கெட்டில் இருந்த பேக்கிங் தேதிக்கு நான்கு நாள் பிந்தியது. மாதிரி எடுத்த தேதிக்கு ஒரு மாதம் முந்தியது. பொருந்தி வந்தது.

சிக்கல் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. மகஜரில் உணவு ஆய்வாளர், ‘கடையின் முன்புறம் வைக்கப்பட்டிருந்த மூட்டையிலிருந்து’ என்று எழுதியிருந்தார். பொய்யில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் உப்பு மூட்டை கடை வாசலில்தான் கிடக்கும். இரவில் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போதும் அதை உள்ளே எடுத்து வைப்பதில்லை, யாரும் திருடுவதுமில்லை. அரசு உதவி வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். வெயிலிலும் மழையிலும் வைத்து அயோடினை அழித்தது கடைக்காரரே, 19(2) அவருக்குக் கிடையாது என்றார்.

உணவு ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் குரலை உயர்த்தவில்லை. அவர் நேர்மையான மனிதர் என்பது முதல் விசாரணையிலேயே தெரிந்தது. விலை கொடுத்து ரசீது வாங்கியிருந்தார், மாதிரியை மூன்றாகப் பிரித்திருந்தார், முத்திரை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. (சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். இந்தச் சட்டத்தின் வழக்குகளில் நான் பார்த்த சாட்சிகளில் பாதிப்பேருக்கு ஞாபகசக்தி இருந்ததில்லை.)

“மூட்டை இருந்த இடத்துக்கு மேலே ஓட்டுச் சாய்ப்பு உண்டா?”

“உண்டு.”

“மூட்டை கிழிந்திருந்ததா? நனைந்திருந்ததா?”

“இல்லை.”

“உள்ளே பாக்கெட்டுகள்?”

“ஒட்டியபடியே இருந்தன.”

“அதே பேட்ச் உப்பை மொத்த வியாபாரியிடம் மாதிரி எடுத்தீர்களா?”

“இல்லை.”

“ஆலையில்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாதத்துக்கு இத்தனை மாதிரி எடுக்கணும்னு கணக்கு இருக்கு சார். கடையில எடுத்தா கணக்கு முடிஞ்சுடும்” என்றார். மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு அந்தப் பதிலை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

அந்தப் பதிலை வைத்துத்தான் 20ஏ பிரிவில் மனு போட்டேன். விசாரணையில் வந்த சாட்சியத்தைப் பார்த்து, தயாரிப்பாளருக்கும் குற்றத்தில் பங்கிருப்பதாக நீதிமன்றம் கருதினால் அவரையும் எதிரியாகச் சேர்க்கலாம் என்பது அந்தப் பிரிவு. புத்தகத்தில் இருக்கும், நடைமுறையில் அபூர்வம். காரணம் எளியது. கடைக்காரர்கள் தயாரிப்பாளரைப் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அண்ணாச்சிக்கும் தூது வந்தது. அபராதம் கட்டுவதாக இருந்தால் நாங்கள் கட்டுகிறோம், எங்கள் பெயரை இழுக்க வேண்டாம் என்று மொத்த வியாபாரி மூலம் சொல்லி அனுப்பினார்கள். “அபராதத்தை அவங்க கட்டுவாவ, ஆறு மாசத்தை யாரு கட்டுவா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. மனு அனுமதிக்கப்பட்டது. மொத்த வியாபாரி பில்லை ஒப்புக்கொண்டு, தனக்கு ஆலை கொடுத்த பில்லையும் தாக்கல் செய்துவிட்டார். ஆலையின் பங்குதாரர் ஒருவர் இரண்டாம் எதிரியானார்.

அவர்கள் தரப்பில் திருநெல்வேலியிலிருந்து பெயர்பெற்ற வழக்கறிஞர் வந்தார். தற்காப்புக்கு அவர்களே ஆவணங்களைக் கொண்டுவந்தார்கள். எதிரியைத் தனக்கு எதிரான ஆவணத்தைக் கொடு என்று கட்டாயப்படுத்த எனக்கு வழியில்லை. அரசியலமைப்பின் 20(3) குறுக்கே நிற்கும். ஆனால் அவர்களாகவே கொடுத்தால் என்ன செய்வது? ஆய்வகப் பதிவேடு ஒன்று: ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அயோடின் அளவு 32, 33, 32, 34 என்று அழகாக எழுதியிருந்தது. அனுப்புப் பதிவேடு ஒன்று: எந்தத் தேதியில் எத்தனை டன் வெளியே போனது என்ற கணக்கு. கடைசியாக, பொட்டாசியம் அயோடேட் வாங்கிய பில்கள். நாங்கள் மருந்து வாங்குகிறோம், தெளிக்கிறோம், ஏமாற்றுக்காரர்கள் அல்ல என்று காட்டுவதற்காக அவற்றைச் சேர்த்திருந்தார்கள்.

அன்றிரவு வீட்டில் அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பி.யூ.சி.யில் வேதியியல் படித்தது அன்றைக்குத்தான் உதவியது.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஆலையின் வேதியியலாளர். இளைஞர், வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவரை நான் எதிலும் மடக்கவில்லை. கணக்குப் போடத்தான் சொன்னேன்.

பொட்டாசியம் அயோடேட்டின் மூலக்கூறு எடை என்ன? 214 என்றார். அதில் அயோடின் எவ்வளவு? 127. அப்படியானால் எடையில் எத்தனை பங்கு அயோடின்? ஏறக்குறைய 59 சதவீதம். ஒரு டன் உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் வரவேண்டுமானால் டன்னுக்கு எத்தனை கிராம் அயோடின் வேண்டும்? 30 கிராம். அதற்கு எத்தனை கிராம் அயோடேட்? பேனாவால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தார். 50 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, என்றார்.

“ஆயிரம் டன்னுக்கு?”

“ஐம்பது கிலோ.”

“உங்கள் அனுப்புப் பதிவேட்டில் இந்த ஆறு மாதத்தில் சாப்பாட்டு உப்பாகப் போனது ஆயிரம் டன்னுக்கு மேல். சரிதானே?”

“சரி.”

“அதே ஆறு மாதத்துக்கான அயோடேட் பில்களைக் கூட்டிச் சொல்லுங்கள். பழைய இருப்பு ஏதும் உண்டா?”

இருப்பு இல்லை என்றார். கூட்டினார். இருபது கிலோகூட வரவில்லை.

அந்த இருபது கிலோவையும் ஒரு துளி வீணாக்காமல் சீராகத் தெளித்திருந்தால்கூட ஆலை வாசலிலேயே கிலோவுக்கு 12 மில்லிகிராம் தாண்டாது. கடையில் 15 இருந்திருக்கவே முடியாது. அதுவும் சீராகத் தெளிப்பதாவது! அம்பாரத்தின்மேல் முதுகில் மாட்டிய தெளிப்பானால் ஒரு தொழிலாளி அடித்துக்கொண்டு போவார்; மேல்பக்கம் நனையும், உள்ளே கிடக்கும் உப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. சின்ன ஆலைகளில் நடப்பது அதுதான். ஆய்வகப் பதிவேட்டில் 32-ம் 33-ம் எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபின் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதச் சொன்னதை எழுதிய பையன் அவர்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மறு விசாரணைக்கு எழவில்லை. இடைவேளையில் வராந்தாவில் என்னிடம், “பில்லை ஏன்யா குடுத்தோம்னு இருக்கு” என்றார்.

இதில் என்னை வெகுநாள் உறுத்தியது ஏமாற்றின் அளவு. கிலோ உப்புக்கு வேண்டிய அயோடேட்டின் விலை சில பைசா. அந்தப் பைசாவை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. பெரிய வணிகப் பெயர்களில் வரும் தூள் உப்பு இயந்திரத்தில் கலக்கப்படுவதால் அங்கே இந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் அதன் விலை கல்லுப்பைவிட அதிகம். ஏழை வீட்டுக்குப் போவது மலிவான கல்லுப்பு. அயோடின் அதிகம் தேவைப்படும் கர்ப்பிணி எந்த உப்பை வாங்குகிறாளோ அந்த உப்பில்தான் அயோடின் இல்லை.

தீர்ப்பு நாளில் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கடையை மைத்துனர் பார்த்துக்கொண்டார். முதல் எதிரி 19(2)-இன் பலனைப் பெறத் தகுதியானவர், விடுதலை. சாய்ப்புக்குக் கீழே, கிழியாத மூட்டையில், ஒட்டிய பாக்கெட்டில் வைத்திருந்ததே முறையான பாதுகாப்பு, கிராமத்துக் கடைக்காரரிடம் குளிர்சாதன அறையைச் சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். இரண்டாம் எதிரிக்கு ஆறு மாதம் சிறை, அபராதம்.

இரண்டாம் எதிரி மேல்முறையீடு செய்தார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பகுப்பாய்வு அறிக்கை கிடைத்த பத்து நாளுக்குள், மீதமுள்ள மாதிரியை மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கும் உரிமையை 13(2) பிரிவு எதிரிக்குக் கொடுக்கிறது. ஆலையை வழக்கில் சேர்த்தபோது மாதிரிக்கு வயது ஓராண்டுக்கு மேல். அதற்குள் அதிலிருந்த அயோடின் இறங்கியிருக்காதா, பயனில்லாத மாதிரியை வைத்துக்கொண்டு உரிமை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று வாதிட்டார்கள். கீசா ராம் வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம், தயிர் மாதிரி கெட்டுப்போகும்வரை தாமதித்து எதிரியின் அந்த உரிமையைப் பறித்தால் தண்டனை நிற்காது என்று சொல்லியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பின்பற்றி ஆலைக்காரரையும் விடுவித்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் நான் குறை காணமாட்டேன். அயோடேட் பில்கள் மாதிரியைச் சார்ந்தவை அல்ல என்பது மட்டும் அதில் பேசப்படாமல் போயிற்று.

இனி 2011. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று, அகாடமி ஆஃப் நியூட்ரிஷன் இம்ப்ரூவ்மெண்ட் வழக்கில், நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், பி. சுதர்சன் ரெட்டி அமர்வு உப்பு விதியை எடுத்துக்கொண்டது. கலப்படத்தைத் தடுக்கும் சட்டத்தை வைத்து, கலப்படமே இல்லாத சாதா உப்பின் விற்பனையைத் தடுக்க முடியாது, அந்த விதியை இயற்ற அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்று சொன்னது. அண்ணாச்சி என் மேசைக்கு முன்னால் நின்று கேட்ட அதே கேள்வி! தீர்ப்பைப் படித்த அன்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அப்போ முதல்லயே செல்லாதுன்னா, நான் மூணு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சது?” என்றார். அதற்குப் பதில் எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் இல்லை.

ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. எல்லா உப்பிலும் அயோடின் சேர்ப்பது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்றும் பதிவு செய்தது. விதியை உடனே நீக்கினால் மக்கள் உடல்நலம் பாதிக்கப்படலாம் என்பதால், அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி ஆறு மாதம் தொடர அனுமதித்து, அதற்குள் சரியான சட்டவழியைக் காணுமாறு அரசிடம் விட்டது. அடுத்த மாதமே, 2011 ஆகஸ்ட் 5 அன்று, புதிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைகளில் உப்புத் தடை மறுபடி இடம்பிடித்தது. நோக்கம் சரி, கதவுதான் தவறு என்ற அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று. உடல்நலத்துக்கு நல்லது என்பதாலேயே எந்தச் சட்டத்தின் வாலிலும் எதையும் கட்டிவிடலாம் என்று அதிகாரிகள் நினைக்கத் தொடங்கினால், நாளை நல்லதல்லாத ஒன்றையும் அப்படியே கட்டுவார்கள்.

புதிய சட்டத்தில் தரம் குறைந்த உணவுக்குச் சிறை இல்லை. ஐந்து லட்சம் வரை அபராதம். கடைக்காரரின் தூக்கத்துக்கு இது நல்லது. பிள்ளைகளின் மூளைக்கு நல்லதா என்பது மாதிரியை எங்கே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 76.3 சதவீத வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த மாநிலம் நம்முடையது. அடுத்த தெருவில் விளையும் கல்லுப்பு மலிவாக, சீட்டு ஒட்டாமல், சைக்கிளிலும் மினி லாரியிலும் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதனாலேயே நாம் கடைசியானோம்.

இதே தமிழ்நாட்டில்தான் அரசின் உப்புக் கழகம் ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பைத் தயாரித்து, சத்துணவு மையங்களுக்கு அனுப்புகிறது. வாங்குவதும் அரசு, தயாரிப்பதும் அரசு. அங்கே மூட்டை கட்டும் இடத்திலேயே சோதித்துவிட முடிகிறது. எந்தக் கடைக்காரனும் கூண்டில் ஏற வேண்டியதில்லை. ரேஷன் கடை வழியாக இது எல்லா வீட்டுக்கும் மலிவு விலையில் போனால், நான் நடத்திய வகை வழக்குகளில் பெரும்பாலானவை தேவைப்படாது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு என் வேண்டுகோள்: மாதக் கணக்கை முடிக்கக் கடைக்குப் போகுமுன் ஆலைக்குப் போங்கள். அயோடேட் பில்லையும் அனுப்புப் பதிவேட்டையும் கேளுங்கள். டன்னுக்கு எத்தனை கிராம் என்ற வகுத்தல் ஒன்றைப் போட்டாலே போதும். ஆய்வகம் தேவைப்படாமலே உண்மை பாதி தெரிந்துவிடும்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 27-ஆவது பிரிவும் சொல்கிறது. உப்பு இரண்டு மூட்டைதானே என்று விடாமல் பில் கேளுங்கள். அதில் வணிகப் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். கம்பியில் குத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மூட்டையை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

வீட்டில் சமைப்பவர்கள் கல்லுப்பைக் கழுவ வேண்டாம். கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் அயோடின் தண்ணீரோடு போய்விடும். ஜாடியை மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். பாக்கெட்டில் ‘அயோடின்’ என்று இருக்கிறதா என்பதோடு, தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.